கழிவு நீரில் நைட்ரஜன் – ஒரு நுண்ணுயிரியல் விஞ்ஞானியின் ஆராய்ச்சிப் பாதை

தலைநகர் தில்லியில் குளிர்காலம் வந்தால் குடிநீர் விநியோகம் குறைவது அடிக்கடி நிகழும் செய்தியாகி விட்டது. யமுனையில் நீரோட்டம் மெலிந்திருக்கும் அம்மாதங்களில், நகருக்கு மேற்புறத்தில் ஆற்றில் கலக்கும் வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் அம்மோனியாவின் அளவை உயர்த்தி விடுகின்றன. வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்கள் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அம்மோனியா வரையே சமாளிக்க வல்லவை. அதற்கு மேல் போனால் உற்பத்தியைக் குறைக்க வேண்டும். சில வேளைகளில் நிறுத்தவும் வேண்டும். கிருமிகளைக் கொல்ல இடும் குளோரின், முதலில் அம்மோனியாவுடன் சேர்ந்து குளோரமின்களாக மாறி விடுவதே காரணம். ஆற்றில் நீர் இருந்தும் குழாயில் நீர் இல்லை என்ற நிலை இவ்வாறு உண்டாகிறது.

அம்மோனியா என்பது நைட்ரஜனின் ஒரு வடிவம். பயிருக்கு உயிரான அதே தழைச்சத்து, ஆற்று நீரில் மிகுந்தால் மீனுக்கு நஞ்சாகிறது. நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உண்கிறது. ஏரிகளில் பாசியையும் ஆகாயத் தாமரையையும் பெருக்குகிறது. நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்கினால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவை ஏந்திச் செல்லும் ஆற்றலைக் குறைக்கிறது. இக்காரணங்களால் இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்றும், அம்மோனியாவுக்கு 0.5 மில்லிகிராம் என்றும் வரம்பு விதித்துள்ளது.

கழிவு நீரிலிருந்து நைட்ரஜனை நீக்குவது எப்படி, அதைக் குறைந்த செலவில் செய்வது எப்படி என்ற வினாக்களுக்கு விடை தந்த ஆராய்ச்சிகளுள், நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தில் நடைபெற்றவை தலையாயவை. அவற்றின் நடுநாயகமாக விளங்கியவர் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஹைஸ் கூனன். அவருடைய ஆராய்ச்சிப் பாதையை அறிந்து கொள்வது, அடிப்படை விஞ்ஞானம் எவ்வாறு நகராட்சிப் பொறியியலாக உருமாறுகிறது என்பதைப் புரிந்து கொள்ள உதவும்.

பழைய வழி

கழிவு நீரில் உள்ள நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீரின் யூரியாவிலிருந்தும் உணவுப் புரதத்திலிருந்தும் வருவது. சாக்கடையில் ஓடும்போதே அது அம்மோனியாவாகச் சிதைகிறது. அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது உயிரினங்களின் வேலையே என்பதை 1877-ல் பிரான்சு நாட்டின் ஷ்லோசிங், மூன்ட்ஸ் ஆகியோர் மெய்ப்பித்தனர். மணல் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல வடியச் செய்தபோது நைட்ரேட் உண்டாயிற்று. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்று விட்டது. இவ்வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை 1890-ல் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தார். நைட்ரேட்டை மீண்டும் வாயு நைட்ரஜனாக்கும் பாக்டீரியாக்களும் ஏறக்குறைய அதே காலத்தில் அறியப்பட்டன.

நைட்ரஜன் நீக்கும் நிலையங்கள் இவ்விரு செயல்களையும் அடுத்தடுத்துச் செய்விக்கின்றன. முதற்கட்டத்தில் காற்றைச் செலுத்தி அம்மோனியாவை நைட்ரேட்டாக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் காற்றை நிறுத்தி, பாக்டீரியாக்களுக்கு உணவாகக் கரிமப் பொருளைக் கொடுத்து, நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்ற வேண்டும். முதற்கட்டத்தில் ஒரு கிலோ அம்மோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிலோ பிராணவாயு தேவை. இரண்டாம் கட்டத்தில் கழிவில் கரிமப் பொருள் போதாவிடில் மெதனால் போன்றவற்றை விலைக்கு வாங்கி ஊற்ற வேண்டும். காற்றூட்டுவதற்கான மின்சாரமே ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் மின் செலவில் பாதியையோ அதற்கு மேற்பட்ட பங்கையோ விழுங்கி விடுவது வழக்கம். செல்வ நாடுகளுக்கே இது சுமை. வளரும் நாடுகளின் நகராட்சிகளுக்கோ பெருஞ்சுமை.

இதில் ஒரு முரண்பாடும் உள்ளது. உரத் தொழிற்சாலைகளில் இயற்கை வாயுவைச் செலவிட்டுக் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்குகிறோம். அது உரமாகி, உணவாகி, கழிவாகி வந்தபின் மீண்டும் மின்சாரத்தைச் செலவிட்டு அதே அம்மோனியாவைக் காற்றுக்கே அனுப்புகிறோம். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 350 லட்சம் டன் யூரியா பயன்படுத்தும் இந்தியாவுக்கு இந்த இரட்டைச் செலவு அலட்சியப்படுத்தத் தக்கதன்று.

சேற்று நிலத்திலிருந்து தொடக்கம்

1940-ல் பிறந்த கூனன் தம் ஆராய்ச்சியைத் தொடங்கியது நைட்ரஜனில் அன்று, கந்தகத்தில். நெதர்லாந்தின் வடகோடியில் கடல் ஏறி இறங்கும் சேற்று நிலங்கள் உள்ளன. அங்கு கந்தகத்தை உண்டு வாழும் நிறமற்ற பாக்டீரியாக்களைக் குறித்து, க்ரோனிங்கன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் வெல்ட்காம்பின் வழிகாட்டுதலில் அவர் ஆராய்ந்தார். 1972-ல் முனைவர் பட்டம் பெற்றார். தயோமைக்ரோஸ்பைரா பெலோபிலா என்ற புதிய பாக்டீரியாவை அவரும் வெல்ட்காம்பும் விவரித்ததும் அதே ஆண்டில்தான்.

பிற பாக்டீரியாக்கள் சர்க்கரையையும் புரதத்தையும் உண்ண, இவை கனிமப் பொருள்களை எரித்துச் சக்தி பெற்று, கரியமில வாயுவிலிருந்தே தம் உடலைக் கட்டிக் கொள்கின்றன. இத்தகைய உயிரினங்கள் மெல்ல வளரும், அளவில் சிறியவை, சாதாரணச் சோதனைக் கூட முறைகளில் வேகமாக வளரும் பாக்டீரியாக்களால் அமுக்கப்பட்டு விடும். ஆகவே மிகக் குறைந்த உணவைத் தொடர்ச்சியாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து வளர்க்கும் தொடர் வளர்ப்பு முறை கையாளப்பட்டது. எந்தச் சூழ்நிலையில் எந்த உயிர் வெல்லும் என்ற வினாவே கூனனின் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று. சேற்று நிலத்தில் கற்ற இப்பாடம் இருபது ஆண்டுகளுக்குப் பின் கழிவு நீர்த் தொட்டியில் கைகொடுத்தது.

டெல்ஃப்ட் மரபு

1980-ல் கூனன் டெல்ஃப்டில் பேராசிரியர் ஆனார். 2005 வரை அப்பதவியில் இருந்தார். அந்த ஆசனத்துக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. 1895 முதல் 1921 வரை அங்கு பணியாற்றிய பெய்யரிங்க், வேண்டிய நுண்ணுயிருக்கு ஏற்ற சூழ்நிலையை அமைத்துக் கொடுத்து அதைப் பெருகச் செய்யும் செறிவூட்டு வளர்ப்பு முறையை நிலைநாட்டியவர். அவரை அடுத்து 1922-ல் வந்த க்ளய்வர், உயிரினங்கள் அனைத்தின் இரசாயனச் செயல்களுக்கும் அடிப்படை ஒன்றே என்ற கருத்தை வலியுறுத்தியவர்.

பல்கலைக் கழகத்துக்கு வருமுன் பெய்யரிங்க் டெல்ஃப்ட் நகரின் ஈஸ்ட் மற்றும் சாராயத் தொழிற்சாலையில் ஆராய்ச்சியாளராக இருந்தார். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனை மண்ணுக்கு ஈர்த்துத் தரும் பாக்டீரியாவை அவர் 1888-ல் பிரித்தெடுத்தது அக்காலத்தில்தான். அந்தத் தொழிற்சாலையே பிற்காலத்தில் கிஸ்ட்-ப்ரோகேடஸ் என்ற பெயரில் இயங்கியது. நைட்ரஜனைக் காற்றிலிருந்து இறக்கும் உயிர் அடையாளம் காணப்பட்ட நிறுவனத்திலேயே, நூறாண்டுகளுக்குப் பின், அதைக் காற்றுக்கு அனுப்பும் புதிய உயிரின் தடயமும் கிடைத்தது.

கூனனின் குழுவுக்கும் அத்தொழிற்சாலைக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. அங்கு கழிவிலிருந்த கந்தகமும் நைட்ரேட்டும் ஒருங்கே நீக்கப்பட்டு வந்த அமைப்பிலிருந்து, லெஸ்லி ராபர்ட்சனும் கூனனும் 1983-ல் தயோஸ்பேரா பான்டோட்ரோபா என்ற பாக்டீரியாவைப் பிரித்தனர். பின்னர் இது பாராகாக்கஸ் இனத்தில் சேர்க்கப்பட்டது. பிராணவாயு இருக்கும்போதும் இது நைட்ரேட்டை வாயுவாக்க வல்லது என அவர்கள் காட்டியது, பிராணவாயு உள்ள இடத்தில் அச்செயல் நடவாது என்ற பாடநூல் கருத்தை அசைத்தது.

தொழிற்சாலையில் ஒரு புதிர்

அக்காலத்தில் அத்தொழிற்சாலையில் அர்னால்ட் முல்டர் என்ற பொறியாளர் சோதனைக் கலம் ஒன்றைக் கவனித்து வந்தார். பிராணவாயு இல்லாத அக்கலத்துள் நைட்ரேட் மறைவது எதிர்பார்த்ததே. ஆனால் அதனோடு அம்மோனியாவும் மறைந்தது. நைட்ரஜன் வாயு கூடுதலாக வெளிவந்தது. அம்மோனியாவை எரிக்கப் பிராணவாயு இன்றியமையாதது என்பதே அன்று வரை நிலவிய கருத்து. அப்படியானால் அந்த அம்மோனியா எங்கே சென்றது?

இதற்கு முன்னோடியாக இரு குறிப்புகள் இருந்தன. பிராணவாயு அற்ற கடற்பகுதிகளில் இருக்க வேண்டிய அளவுக்கு அம்மோனியா இல்லை என்பதை 1965-ல் ரிச்சர்ட்ஸ் என்ற கடலியலார் சுட்டிக் காட்டியிருந்தார். நைட்ரைட்டைக் கொண்டு அம்மோனியாவை எரித்தால் சக்தி கிடைக்கும்; ஆகவே அதைக் கொண்டு வாழும் உயிரினமும் இயற்கையில் இருத்தல் கூடும் என்று வியன்னாவின் எங்கல்பர்ட் ப்ரோடா 1977-ல் வெப்ப இயக்கவியல் கணக்கின் மூலம் கூறியிருந்தார். கணக்கு இருந்தது, உயிர் கண்ணில் படவில்லை.

முல்டரின் தரவுகளைச் சோதனைப் பிழை என்று ஒதுக்கி விடுவது எளிதாக இருந்திருக்கும். கூனனின் ஆய்வுக்கூடம் அவ்வாறு செய்யாமல், படிப்படியாகச் சான்று தேட முற்பட்டது. இம்முறை இளம் ஆராய்ச்சியாளர்கள் கற்க வேண்டிய ஒன்று.

முதல் வினா: இது உயிரினத்தின் செயலா, வெறும் இரசாயன மாற்றமா? வான் டி கிராஃப் என்ற ஆய்வாளர், கலத்தின் சகதியைச் சூடாக்கியும், காமாக் கதிரால் தாக்கியும், உயிர்ச் செயலைத் தடுக்கும் மருந்துகளைச் சேர்த்தும் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அம்மோனியா மறைவது நின்றது. எனவே இது உயிரினத்தின் செயலே.

இரண்டாம் வினா: வாயு எதிலிருந்து வருகிறது? அம்மோனியாவில் மட்டும் எடை மிகுந்த நைட்ரஜன் ஐசோடோப்பை வைத்து அடையாளமிட்டனர். வெளிவந்த வாயு மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றில் ஓர் அணு எடை மிகுந்ததாகவும் மற்றொன்று சாதாரணமானதாகவும் இருந்தன. அதாவது ஒரு நைட்ரஜன் அம்மோனியாவிலிருந்தும் மற்றது எதிர்ப்பொருளிலிருந்தும் வந்து இணைந்துள்ளன. அந்த எதிர்ப்பொருள் முதலில் எண்ணியபடி நைட்ரேட் அன்று, நைட்ரைட் என்பதும் தொடர் ஆய்வுகளில் தெளிவாயிற்று. முல்டர், வான் டி கிராஃப், ராபர்ட்சன், கூனன் ஆகியோரின் கட்டுரை 1995-ல் வெளிவந்தது. இச்செயலுக்கு அனமாக்ஸ் என்ற பெயர் நிலைத்தது.

உயிரினம் அடையாளம் காணப்படுதல்

மூன்றாம் வினாவே கடினமானது: இதைச் செய்வது எந்த உயிர்? மைக் யெட்டன், மார்க் ஸ்ட்ரௌஸ் ஆகியோர் இப்பணியில் முன்னின்றனர். இவ்வுயிர் இரட்டிப்பாக ஏறத்தாழ 11 நாட்கள் ஆயின. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாவதுடன் ஒப்பிட்டால் இதன் மந்தம் விளங்கும். நீருடன் உயிரும் வெளியேறி விடாதபடி, நிரப்பி, வினை நிகழ்த்தி, படியவிட்டு, தெளிநீரை மட்டும் வடிக்கும் சுழற்சிக் கலம் ஒன்றை ஸ்ட்ரௌஸ் பயன்படுத்தினார். பல மாதப் பொறுமைக்குப் பின் சிவப்பு நிறச் சகதி திரண்டது. அதில் சுமார் முக்கால் பங்கு ஒரே வகை உயிரணுக்கள்.

இருப்பினும் தூய வளர்ப்பு கிட்டவில்லை. ஆகவே அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு மைய விலக்குப் பொறியில் சுழற்றி உயிரணுக்களைப் பிரித்தனர். சில நூறு உயிரணுக்களுக்கு ஒன்று என்ற அளவுக்கே பிற உயிர்கள் எஞ்சின. அவ்வாறு பிரித்த உயிரணுக்கள் அம்மோனியாவை எரித்ததோடு, கரியமில வாயுவையும் உடலில் சேர்த்துக் கொண்டன. 1999-ல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரை, ப்ரோடா கணித்த உயிரினம் பிளாங்க்டோமைசீட் வகுப்பைச் சேர்ந்தது என்று அறிவித்தது. முதல் தடயம் கிடைத்த நிறுவனத்தின் நினைவாக அதற்கு ப்ரோகேடியா என்று பெயரிட்டனர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலிருந்து பெறப்பட்ட மற்றோர் இனத்துக்கு 2000-ல் கூனனின் பெயரால் கூனனியா ஸ்டுட்கார்டியென்சிஸ் எனப் பெயர் சூட்டப்பட்டது. அதன் மரபணுத் தொகுதி 2006-ல் வெளியிடப்பட்டது.

இவ்வுயிரின் அமைப்பும் விந்தையானது. உயிரணுவுக்குள் தனி அறை ஒன்று உள்ளது. ராக்கெட் எரிபொருளாகப் பயன்படும் ஹைட்ரசீன் என்ற கடும் நஞ்சு, இச்செயலின் இடைப்பொருளாக அந்த அறைக்குள் உண்டாகிறது. அறையைச் சூழ்ந்த சவ்வில், ஏணிப்படி போல் இணைந்த கரி வளையங்களைக் கொண்ட கொழுப்பு இருப்பது 2002-ல் கண்டறியப்பட்டது. இது சவ்வை மிக அடர்த்தியாக்கி, உள்ளிருப்பவை கசிந்து வீணாகாமல் காக்கிறது என்று கருதப்படுகிறது.

சோதனைக் கூடத்திலிருந்து ராட்டர்டாமுக்கு

ஆய்வுக் கலத்தின் கொள்ளளவு பத்து லிட்டர் அளவினது. ராட்டர்டாம் நகரின் டோக்ஹாவன் சுத்திகரிப்பு நிலையத்தில் 2002-ல் அமைக்கப்பட்ட முதல் முழு அளவு அனமாக்ஸ் கலத்தின் கொள்ளளவு 70 கன மீட்டர், அதாவது 70,000 லிட்டர். இடைநிலை மாதிரி ஆலை எதுவும் கட்டாமல் நேரடியாக இவ்வளவு பெருக்கியது துணிவான முடிவு. நகராட்சி அமைப்பும், பேக்கஸ் என்ற பொறியியல் நிறுவனமும், டெல்ஃப்டின் மார்க் வான் லூஸ்ட்ரெக்ட் தலைமையிலான பொறியியல் குழுவும் இதில் பங்கு கொண்டன.

துணிவுக்கு விலையும் இருந்தது. கலம் முழு இயக்கத்துக்கு வர மூன்றரை ஆண்டுகள் ஆயின. உலகில் வேறெங்கும் விதைச் சகதி இல்லை. மந்தமாக வளரும் உயிரை வெறுங்கலத்திலிருந்து பெருக்க வேண்டியிருந்தது. இடையில் பொறியியற் கோளாறுகளும் நேர்ந்தன. நிதி ஒதுக்கியவர்கள் இடைவழியில் கைவிட்டிருந்தால் முயற்சி தோல்வி என்றே பதிவாகியிருக்கும். கைவிடாததால், இறுதியில் நாளொன்றுக்கு 750 கிலோ வரை நைட்ரஜனை ஏற்கும் திறனை அக்கலம் எட்டியது. அதன்பின் அமைந்த ஆலைகளுக்கு அங்கிருந்தே விதைச் சகதி கிடைத்தமையால், அவற்றின் தொடக்கக் காலம் வெகுவாகச் சுருங்கியது. 2014 அளவில் உலகெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகள் இம்முறையில் அமைந்து விட்டன.

செலவுக் கணக்கு

இம்முறையில் அம்மோனியா முழுவதையும் எரிக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய பாதியை மட்டும் நைட்ரைட் வரை எரித்தால் போதும். எஞ்சிய பாதியை அந்த நைட்ரைட்டைக் கொண்டு அனமாக்ஸ் பாக்டீரியா வாயுவாக்கி விடும். ஒரு கிலோ நைட்ரஜனுக்குத் தேவையான பிராணவாயு 4.57 கிலோவிலிருந்து சுமார் 1.9 கிலோவாகக் குறைகிறது. அதாவது 60 சதவிகித அளவில் மிச்சம். கரிமப் பொருள் தேவையில்லை. ஆகவே மெதனால் செலவு இல்லை. மெல்ல வளரும் உயிராதலால் அப்புறப்படுத்த வேண்டிய சகதியும் மிகக் குறைவு.

இவற்றிலும் முக்கியமான பயன் வேறொன்று. பழைய முறையில் கரிமப் பொருளை நைட்ரேட் நீக்கத்துக்கென ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. இப்பொழுது அதை முன்கூட்டியே பிரித்தெடுத்து மீத்தேன் வாயுவாக்கி மின்சாரம் பெறலாம். மின்சாரத்தை உண்ணும் நிலையம், தன் தேவையில் ஒரு பகுதியைத் தானே உற்பத்தி செய்யும் நிலையமாக மாற வழி பிறக்கிறது. இத்தகைய ஆய்வுகளின் தொடர்ச்சியாகவே, வான் லூஸ்ட்ரெக்ட் 2018-ல் அமெரிக்காவின் புரூஸ் ரிட்மனுடன் ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

வரம்புகளையும் கூற வேண்டும். இதுவரை அமைந்த ஆலைகளுள் பெரும்பாலானவை, சகதிச் செரிப்புக் கலத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான, அம்மோனியா செறிந்த கழிவையே கையாளுகின்றன. நகரின் நேரடிச் சாக்கடை நீர் நீர்த்தது; குளிர் நாடுகளில் தண்மையானதும் கூட. அதில் இப்பாக்டீரியாவை நிலைநிறுத்துவது கடினம். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் போட்டிப் பாக்டீரியாக்களையும் அடக்கி வைக்க வேண்டும். கலத்தைச் சரிவர இயக்காவிடில், கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றல் கொண்ட நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறக் கூடும். ஆகவே பயிற்சி பெற்ற இயக்குநரும் தொடர்ந்த அளவீடும் இன்றியமையாதவை.

தொழிற்சாலைக் கலத்தில் அறியப்பட்ட இச்செயல், 2003-ல் கருங்கடலிலும் கோஸ்டாரிகாவின் கடலோர வளைகுடா ஒன்றிலும் நிகழ்வது நிறுவப்பட்டது. உலகக் கடல்கள் இழக்கும் நைட்ரஜனில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை இவ்வழியே செல்லலாம் என்று மதிப்பீடுகள் கூறுகின்றன. கழிவு நீர்ப் பொறியியலிலிருந்து கடலியல் பாடம் கற்ற அரிய நிகழ்ச்சி இது.

இந்தியாவும் நைட்ரஜனும்

கழிவு நீர் நுண்ணுயிரியலில் இந்தியாவுக்குப் பழைய தொடர்பு உண்டு. இன்று உலகெங்கும் வழங்கும் செயலூட்டிய சகதி முறையை 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் ஆகியோர் வெளியிட்டனர். அவர்களுக்குத் தூண்டுகோலாக இருந்த கில்பர்ட் பௌலர், 1916-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். கழிவிலுள்ள நைட்ரஜனை வீணாக்காமல் மண்ணுக்குத் திருப்புவது பற்றி அவர் அக்கறை கொண்டிருந்தார். நைட்ரஜன் பாதுகாப்பின் உயிர் இரசாயனம் பற்றி 1934-ல் நூலும் எழுதினார். உரம் தட்டுப்பாடான நாட்டில் அவ்வக்கறை இயல்பானதே.

இன்றைய நிலையை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020–21 மதிப்பீடு காட்டுகிறது. நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் சாக்கடை நீர் 7,236.8 கோடி லிட்டர். நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 3,184.1 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023.6 கோடி லிட்டர். அதாவது மொத்தத்தில் 28 சதவிகிதம். எனவே முதற்பணி, கழிவு நீரைக் குழாய்களில் திரட்டி நிலையத்துக்குக் கொண்டு வருவதும், கட்டிய நிலையங்களை ஓடச் செய்வதுமே. நைட்ரஜன் நீக்கம் அதற்கு மாற்று ஆகாது.

ஆயினும் கட்டப்படும் நிலையங்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் நிற்கப் போகின்றவை. அவற்றின் தரம் பற்றிய விதிகள் ஒரே நிலையில் இருக்கவில்லை. 2015-ல் வெளியிட்ட வரைவில் நைட்ரஜனுக்கும் வரம்பு இருந்தது. 2017-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட இறுதி அறிவிக்கையில் அது இடம் பெறவில்லை. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பெருநகரங்களுக்கு மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற கடுமையான வரம்பை வலியுறுத்தியது. செலவா, ஆற்றின் நலமா என்ற வாதமே இம்மாற்றங்களின் பின்னணி. நைட்ரஜன் நீக்கத்தின் செலவைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் இவ்வாதத்தின் கூர்மையைக் குறைக்கும்.

இன்னொரு நெதர்லாந்துத் தொடர்பு இங்கு நினைக்கத் தக்கது. வாகனிங்கன் நகரில் லெட்டிங்கா 1970-களில் உருவாக்கிய, காற்றூட்டாமல் மேல்நோக்கி ஓட்டும் சகதிப் படுகை முறை, இந்திய-நெதர்லாந்து ஒத்துழைப்பின் பயனாகக் கான்பூரில் 1989-ல் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் அளவில் சோதிக்கப்பட்டது. 1993-ல் தொடங்கிய யமுனைச் செயல்திட்டத்தின் கீழ் ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் இவ்வகை நிலையங்கள் பல எழுந்தன. இம்முறைக்கு மின்சாரம் குறைவாகவே வேண்டும், மீத்தேனும் கிடைக்கும். ஆனால் அம்மோனியாவை அது நீக்குவதில்லை. புரத நைட்ரஜனையும் அம்மோனியாவாக்கி வெளியே விடுகிறது. யமுனையின் இன்றைய இடர்ப்பாட்டை நோக்கும்போது இக்குறை சிறியதன்று. கரிமப் பொருள் குறைந்து, அம்மோனியா எஞ்சிய அத்தகைய வெளிநீர் அனமாக்ஸ் முறைக்குக் கொள்கையளவில் பொருத்தமானது. நம் நாட்டின் வெப்பமும் சாதகமானது. சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில், 28 முதல் 32 டிகிரி வெப்பமுள்ள நேரடிச் சாக்கடை நீரிலேயே இச்செயல் நிகழ்வது அறியப்பட்டுள்ளது.

நைட்ரஜன் அனைத்தையும் வாயுவாக்கித் தீர வேண்டும் என்பதும் இல்லை. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கல்கத்தா ஈரநிலங்களில், நகரின் கழிவு நீரே மீன் குளங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் ஊட்டமாகிறது. நிலமும் நீர்ப்பரப்பும் உள்ள சிறு நகரங்களுக்கு, ஆலை நச்சு கலவாத கழிவு நீரை இவ்வாறு பயிருக்குத் திருப்புவது உரச் செலவையும் குறைக்கும். நிலம் அரிதான பெருநகரங்கள், உரத் தொழிற்சாலைகள், தோல் பதனிடும் நிலையங்கள், சகதிச் செரிப்புக் கலங்கள் ஆகியவற்றுக்கே நைட்ரஜன் நீக்கும் முறைகள் முதலில் தேவைப்படும். எங்கு எது என்று பகுத்தறிவதே திட்டமிடுவோரின் கடமை.

படிப்பினைகள்

கூனனின் ஆராய்ச்சிப் பாதையிலிருந்து நிர்வாகிகள் அறிய வேண்டியவை சில உண்டு. கந்தகப் பாக்டீரியா ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியபோது அது கழிவு நீர்த் துறைக்குப் பயன்படும் என்று எவரும் கூறியிருக்க முடியாது. தொழிற்சாலைப் பொறியாளர் கண்ட முரண்பாட்டைக் காது கொடுத்துக் கேட்கப் பல்கலைக் கழகம் அருகில் இருந்தது. முதல் தடயத்திலிருந்து முழு அளவு ஆலை சீராக இயங்கும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. ஐந்தாண்டு அளவுகோலில் மட்டும் அளந்தால் இம்முயற்சி பலமுறை கைவிடப்பட்டிருக்கும்.

நம் நாட்டில் நூற்றுக்கணக்கான சுத்திகரிப்பு நிலையங்களில் ஒவ்வொரு நாளும் நீர் மாதிரி எடுக்கப்படுகிறது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் முறையாக அளந்து பதிவு செய்யும் நிலையங்கள் பெருகினால், எங்கு நைட்ரஜன் கணக்கில் வராமல் மறைகிறது என்பது தெரிய வரும். அனமாக்ஸ் பாக்டீரியா பல நாடுகளின் சகதியில் இயல்பாகவே வாழ்வது அறியப்பட்டது. நம் வெப்பமான சகதிகளிலும் அதைத் தேடுவது பயனற்ற வேலையாகாது. அருகிலுள்ள கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைகளையும் நகராட்சி நிலையங்களையும் இணைப்பதற்குப் பெருநிதி தேவையில்லை. அவ்வாறு இணைத்து, கிடைக்கும் அளவீடுகளை ஆண்டுக்கணக்கில் பாதுகாத்து வைத்தால், யமுனைக் கரையில் குளிர்காலந்தோறும் எழும் வினாவுக்கு இந்நாட்டின் சூழலுக்கேற்ற விடையை இங்கேயே காண வழியுண்டு.